நாலு சுவர்தான் மிச்சம், அங்கேயும் ஸ்பீக்கரா?

கோடை விடுமுறை வந்தால் எனக்கு இங்கிலாந்தில் இருக்கும் விட்பி மடம்தான், இடிந்துபோன பழைய கிறிஸ்தவ மடாலயம். இது நான்காவது தடவை. யார்க்‌ஷயர் கடலோரக் குன்று, கூரையில்லாத சுவர்கள், ஃப்ளாஸ்க்கில் டீ, ஒரு மணி நேரம் சும்மா இருப்பது. இவ்வளவுதான் ஆசை. அதற்காக 199 படி ஏறி, மூச்சு வாங்க உட்கார்ந்தேன்.

பக்கத்தில் ஒருவர் புளூடூத் ஸ்பீக்கரைப் புல்லில் வைத்தார். டப், டப், டப். 657இல் ஹில்டா அம்மையார் தலைமையில் தொடங்கிய இடம் ஐயா இது! வைக்கிங் கடற்கொள்ளையர்கள் வந்தார்கள், 1539இல் மன்னர் எட்டாம் ஹென்றி காலத்தில் மூடினார்கள், 1914இல் ஜெர்மன் கப்பல்கள் குண்டு போட்டன. இப்போது இந்த டப் டப் வேறு.

முறைத்தேன். அவரோ சிரித்துக்கொண்டே சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார். எனக்கும் பாட்டு பிடித்துவிட்டதாம்!

சரி, ஜன்னல் வளைவையாவது பார்ப்போம் என்று போனால், அதற்கு நேர் கீழே செல்ஃபிக்கு வரிசை. வரிசையில் நிற்பவர்களுக்குக்கூட நாம்தான் குறுக்கே வருகிறோம். அப்புறம் என்ன, சாண்ட்விச்சைப் பிரித்தேன். எங்கிருந்தோ ஒரு கடற்காகம் பாய்ந்து வந்தது. ரொட்டியை என் மடியில் போட்டுவிட்டு, உள்ளே இருந்த முட்டையை மட்டும் கொத்திக்கொண்டு போய்விட்டது.