வண்டி சரியாகிவிட்டது, விலை சரியாகவில்லை

405 டாலர். விபத்தால் என் காரின் மதிப்புக் குறைந்ததற்கு ஈடாக, மோதியவரின் இன்சூரன்ஸ் நிறுவனம் தருவதாகக் கடிதத்தில் எழுதிய தொகை இது. போதாது, கூடுதலாக வேண்டும் என்று கேட்கிறேன். அந்தக் கடிதத்தின் படத்தை முந்தைய பதிவிலேயே பார்த்துவிட்டீர்கள். சனிக்கிழமை விருந்தில் அதைப் பற்றி நடந்த பேச்சைப் பாதிப் பேர் நேரில் கேட்டீர்கள், மீதிப் பேருக்கு இதற்குள் செய்தி வந்து சேர்ந்திருக்கும். அங்கே நான் வாய் திறக்கவில்லை. சாப்பாட்டுப் பந்தியில், குழந்தைகள் முன்னால், நான் மதிக்கிற ஒருவரோடு வாதம் செய்ய மனம் வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

"வண்டியைப் புதிது போலச் செய்து கொடுத்துவிட்டார்கள். இன்னும் என்னம்மா வேண்டும்? இவ்வளவு பேராசை கூடாது" என்றார் அந்த அண்ணன்.

புதிது போலத்தான் இருக்கிறது. அதை நான் எங்கும் மறுக்கவில்லை. பம்பர் மாற்றினார்கள். டிக்கிக் கதவு மாற்றினார்கள். பின்பக்கத் தகட்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்றவைத்தார்கள். பெயின்ட்டில் துளி வேறுபாடு தெரியவில்லை. ஒர்க்‌ஷாப்காரர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. ஆனால் விபத்துக்கு முன்பு என் ஹோண்டா சி.ஆர்.வி. கார் 27,000 டாலர் பெறும் என்று அந்தக் கடிதத்திலேயே எழுதியிருக்கிறார்கள். பழுது பார்த்த பிறகு டீலரிடம் கொண்டுபோய் நிறுத்தினேன். அவர் வண்டியைச் சுற்றிக்கூட வரவில்லை. வண்டியின் விபத்து வரலாற்றைக் காட்டும் கார்ஃபாக்ஸ் அறிக்கையைத் திறந்தார், விபத்து என்ற வரியைப் பார்த்தார், 23,000-க்கு மேல் தர முடியாது என்றார். வண்டி சரியாகிவிட்டது, விலை சரியாகவில்லை. சிவப்பு விளக்குக்கு நின்றுகொண்டிருந்த என் வண்டியின் பின்னால் வந்து மோதியது இன்னொருவர். அந்த 4,000 டாலரை நான் ஏன் என் கையிலிருந்து கொடுக்க வேண்டும்? கேள்வி இவ்வளவுதான்.

இதை டிமினிஷ்ட் வேல்யூ க்ளெய்ம், அதாவது மதிப்புக் குறைவுக்கு ஈடு கேட்பது என்பார்கள். நான் கண்டுபிடித்த வித்தை அல்ல. நாம் இருக்கும் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், பழுது பார்த்த பிறகும் மதிப்பு முழுதாகத் திரும்பாவிட்டால் மீதியை ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கை 1926-ஆம் ஆண்டின் தீர்ப்பு ஒன்றிலேயே இருக்கிறது. 2001-ல் ஸ்டேட் ஃபார்ம் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எதிரான மேப்ரி வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் அதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் உறுதிசெய்தது. மற்ற பல மாநிலங்களில் சொந்த இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் இதைக் கேட்கவே முடியாது. இங்கே கேட்கலாம். வாடிக்கையாளர் வாய்விட்டுக் கேட்காவிட்டாலும் மதிப்புக் குறைவை நிறுவனமே கணக்கிட்டுப் பார்க்க வேண்டும் என்று சொன்ன தீர்ப்பு அது. நான் மோதியவரின் நிறுவனத்திடம் கேட்கிறேன், என் வழி இன்னும் நேரானது. நீதிமன்றம் கொடுத்த உரிமையைக் கேட்டால் அது பேராசை ஆகுமா?

சரி, 405 எப்படி வந்தது? பலரும் கேட்டதால் விரிவாகவே எழுதுகிறேன், இதைத் தெரிந்துகொள்ளாமல்தான் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறோம். 17சி என்று ஒரு சூத்திரம் இருக்கிறது. அதே மேப்ரி வழக்கின் உத்தரவில் 17-வது பத்தியில் சி என்ற பிரிவில் வந்ததால் அந்தப் பெயர். அந்த ஒரு வழக்கின் கோரிக்கைகளைத் தீர்க்க வகுத்த கணக்கு அது. பிறகு இன்சூரன்ஸ் நிறுவனங்கள் அதை எடுத்து, சட்டமே அதுதான் என்பது போல எல்லோருக்கும் நீட்டத் தொடங்கின. வண்டியின் மதிப்பில் 10 சதவீதத்தை எடுக்க வேண்டும். என் வண்டிக்கு 2,700. அதாவது வண்டி எவ்வளவு நொறுங்கினாலும் 10 சதவீதத்துக்கு மேல் மதிப்பு குறையாது என்று முதல் வரியிலேயே முடிவு செய்துவிடுகிறார்கள். அடுத்து, சேதத்துக்கு ஒரு பெருக்கு எண். மிகக் கடுமையான சேதம் என்றால் 1, அங்கிருந்து 0.75, 0.50, 0.25 என்று இறங்கிப் பூஜ்யம் வரை போகும். எனக்கு 0.25 போட்டிருக்கிறார்கள். சிறு சேதமாம். அந்தச் சிறு சேதத்தைச் சரிசெய்ய ஒர்க்‌ஷாப்புக்கு 9,400 டாலர் கொடுத்ததும் இதே நிறுவனம்தான். 2,700 இப்போது 675 ஆகிவிட்டது. கடைசியாக, ஓடிய மைலுக்கு ஒரு பெருக்கு எண். 40,000 மைல் தாண்டி 60,000-க்குள் ஓடியிருந்தால் 0.60. ஆக 405.

மைலேஜ் விஷயத்தில்தான் என் இரத்தம் கொதிக்கிறது. 27,000 என்று மதிப்பிட்டபோதே ஓடிய மைலைக் கழித்துத்தானே விலை போட்டார்கள்? குறைவாக ஓடியிருந்தால் 27,000-க்கு மேல் பெற்றிருக்குமே! ஒரே மைலுக்கு இரண்டு தடவை கழித்தால் அதற்கு என்ன பெயர்? 100,000 மைல் தாண்டிய வண்டிக்கு அந்த எண் பூஜ்யம். பழைய வண்டியை வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்வருகிற ஏழைக்கு ஒரு டாலர்கூட நஷ்டமில்லை என்று அர்த்தம். இந்தச் சூத்திரத்தைத்தான் பின்பற்ற வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனாலும் இழப்பீட்டுத் தொகையை முடிவு செய்யும் அந்த நிறுவனத்தின் அட்ஜஸ்டர் தொலைபேசியில் "ஜார்ஜியா சூத்திரம்" என்றே அடித்துப் பேசினார்.

"நீ வண்டியை விற்கப் போவதில்லையே, பிறகு எங்கே நஷ்டம்?" என்று ஒரு தோழி கேட்டாள். நியாயமான கேள்வி என்று முதலில் எனக்கும் பட்டது. ஆனால் மோதிய அந்த நொடியிலேயே மதிப்பு போய்விட்டது. மோதலுக்குச் சற்று முன்னால் என்ன பெறும், பழுது பார்த்த பின் என்ன பெறும் என்ற வித்தியாசத்தைத்தான் சட்டம் அளக்கிறது. நாளைக்கு விற்றாலும் ஐந்து ஆண்டு கழித்து விற்றாலும் கார்ஃபாக்ஸில் அந்த வரி இருக்கும். வண்டி ஓட ஓட விலை குறைவது வேறு, அதை நான் ஏற்றுக்கொண்டுதான் வாங்கினேன். இன்னொருவர் மோதியதால் குறைந்தது வேறு. இரண்டையும் ஒரே கூடையில் போட்டுப் பேசாதீர்கள்.

இப்படி எல்லோரும் கேட்டால் பிரீமியம் ஏறும் என்றார் இன்னொருவர். பிரீமியம் ஏற்கெனவே ஆண்டுதோறும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. இதற்கு மேல் பதில் சொல்ல ஒன்றுமில்லை.

என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருப்பூரில் அவரிடம் ஒரு மாருதி 800 இருந்தது. பல்லடம் சாலையில் ஒரு லாரி இடித்து முன்பக்கம் உள்ளே போய்விட்டது. நல்ல மெக்கானிக்கிடம் விட்டுச் சரிசெய்தார். சில ஆண்டுகள் கழித்து விற்கும்போது, வாங்க வந்தவரிடம் தரகர் தடுத்தும் கேட்காமல் விபத்தைச் சொல்லிவிட்டார். விலை இறங்கியது. தரகர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். அம்மாவுக்குக் கோபம். "பிள்ளைகுட்டியை ஏற்றிக்கொண்டு போகப் போகிறவரிடம் எப்படி மறைப்பது?" என்றார் அப்பா. அவ்வளவுதான் அவர் பேசியது. அந்த லாரி உரிமையாளர் அப்பாவுக்கு ஒரு ரூபாய் கொடுக்கவில்லை. அப்பாவின் இன்சூரன்ஸும் மதிப்புக் குறைவுக்கு எதுவும் தரவில்லை. அங்கே சொந்தச் சேதத்துக்கான பாலிசியில் தேய்மானமும் விபத்தின் விளைவாக வரும் மற்ற நஷ்டங்களும் சேராது என்று எழுதியே வைத்திருப்பார்கள். உண்மையைச் சொன்னதற்கான விலையை அவர் ஒருவரே சுமந்தார்.

இங்கே நான் மறைக்க நினைத்தாலும் முடியாது, எவரும் பார்க்கும்படி பதிவாகிவிட்டது. மறைக்க எனக்கு விருப்பமும் இல்லை. ஆனால் அந்த உண்மைக்கு விலை கொடுக்க வேண்டியவர் மோதியவர்தான் என்று சொல்லும் சட்டம் இருக்கும் ஊரில் இருந்துகொண்டு, அப்பாவைப் போல நானும் வாயை மூடிக்கொண்டு இழக்க வேண்டும் என்கிறீர்கள். அதுவும் நம் ஆட்களே சொல்கிறீர்கள். அதுதான் வலிக்கிறது.

"அந்தக் கல்லூரிப் பையனை நீதிமன்றத்துக்கு இழுப்பாயா?" என்ற கேள்வி என்னை உண்மையிலேயே தூங்கவிடவில்லை. என் வண்டியில் மோதியது அவன்தான். இறங்கி ஓடி வந்து, எனக்கு அடிபட்டதா என்று நடுங்கிக்கொண்டே கேட்டவன். அவன்மேல் எனக்குக் கோபமே இல்லை. ஆனால் ஜார்ஜியாவில் இப்படிப்பட்ட வழக்கை இன்சூரன்ஸ் நிறுவனத்தின் மீது நேரடியாகப் போட முடியாது, ஓட்டியவர் பெயரில்தான் போட வேண்டும். வழக்கறிஞரை அமர்த்துவதும் பணம் கட்டுவதும் நிறுவனம்தான். சொத்துச் சேதத்துக்குக் குறைந்தது 25,000 டாலர் பாதுகாப்பு எடுத்தே ஆக வேண்டும் என்பது இந்த மாநிலத்தின் விதி. அந்தப் பையனின் வீட்டார் பிரீமியம் கட்டியது இதற்காகத்தான். அவனை நீதிமன்றத்தில் நிறுத்தாமல் முடிப்பது அந்த நிறுவனத்தின் கையில் இருக்கிறது. என்னைப் பார்த்து இரக்கம் கேட்கிறவர்கள் அவர்களிடமும் கொஞ்சம் கேட்கட்டும்.

உண்மையில் எனக்கு வேறொன்றும் தோன்றுகிறது. நாம் இங்கே வந்த நாளிலிருந்தே குரலைத் தாழ்த்திப் பேசப் பழகிவிட்டோம். விசா, வேலை, நம் உச்சரிப்பு, எதிரில் இருப்பவர் இரண்டாம் முறை "என்ன?" என்று கேட்டுவிடுவாரோ என்ற தயக்கம். அட்ஜஸ்டர் சொல்லும் தொகைக்கு நன்றி சொல்லிவிட்டு வந்து, அதைப் பெருந்தன்மை என்று சொல்லிக்கொள்கிறோம். பக்கத்து வீட்டு அமெரிக்கப் பெண்மணி இதே உரிமையைக் கேட்டு வாங்கியபோது அவரைக் கெட்டிக்காரி என்று இதே விருந்துகளில் புகழ்ந்தோம். நான் கேட்டால் பேராசைக்காரி. ஏன்?

கடிதம் தயார். டீலர் எழுதிக்கொடுத்த விலை, தனி மதிப்பீட்டாளரின் அறிக்கை, ஒர்க்‌ஷாப் பில் எல்லாவற்றையும் இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். மாநிலச் சட்டப்படி அவர்களுக்கு 60 நாள் அவகாசம். நல்லெண்ணமில்லாமல் மறுத்தார்கள் என்று பிறகு நிரூபணமானால் தொகையில் பாதி அல்லது 5,000 டாலர், எது அதிகமோ அதுவரை அபராதமும் வழக்கறிஞர் செலவும் சேரும். அதன் பிறகும் மறுத்தால், சிறு தொகை வழக்குகளைக் கேட்கும் மாஜிஸ்ட்ரேட் நீதிமன்றம். 15,000 டாலர் வரை அங்கே வழக்கறிஞர் இல்லாமலே வாதாடலாம். 405 டாலர் காசோலையில் நான் கையெழுத்துப் போடப் போவதில்லை.

அண்ணா, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். போன ஆண்டு உங்கள் மகளின் வண்டியை இடித்தார்களே, அதற்கும் இந்த உரிமை உண்டு. விபத்து நடந்து நான்கு ஆண்டு வரை கேட்கலாம். பில்லை எடுத்து வையுங்கள், கடிதத்தை நான் எழுதித் தருகிறேன்.