இன்ஜின் அதேதான், அப்புறம் எதற்கு மாற்றுகிறாய்?

என்னிடம் இருப்பது 2021 மாடல் யமஹா எம்டி-09. கொஞ்ச காலமாகக் கண் போய் நிற்பது அதே யமஹாவின் எக்ஸ்எஸ்ஆர்900 ஜிபி மீது. இதை வெளியே சொன்னதும் பைக் தெரிந்த நண்பர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "இரண்டிலும் ஒரே இன்ஜின்தானே?"

ஆமாம், ஒரே இன்ஜின்தான். மூன்று சிலிண்டர், 890 சிசி, 119 பிஎஸ், 93 நியூட்டன் மீட்டர் டார்க். டேங்க்கூட இரண்டிலும் 14 லிட்டர்தான். எடை மட்டும் என் வண்டி 189 கிலோ, ஜிபி 200 கிலோ. காகிதத்தில் பார்த்தால் 11 கிலோ கூடுதல் சுமையைப் பணம் கொடுத்து வாங்குகிறேன் என்றுதான் அர்த்தம்.

ஆனால் இன்ஜின் ஒன்று என்பதை எல்லாரும் ஏன் குறையாகவே சொல்கிறார்கள் என்று புரியவில்லை. எனக்கு அதுதான் பெரிய நிம்மதி. இந்த இன்ஜினின் குணம் எனக்குத் தெரியும். எந்த கியரில் எவ்வளவு இழுக்கும், வெயிலில் நெரிசலில் மாட்டினால் எவ்வளவு சூடு காலில் அடிக்கும், எந்த ஆர்பிஎம்மில் சத்தம் மாறும் என்பதெல்லாம் பழகிவிட்டது. வால்வ் கிளியரன்ஸ் பார்க்கும் வேலை 40,000 கிலோமீட்டர் வாக்கில்தான் வரும் என்பதும் தெரியும். புது வண்டி வாங்குவதில் இருக்கிற பாதி பயம் தெரியாத இன்ஜினைப் பற்றியதுதான். அது இங்கே இல்லை.

சரி, பிறகு எதற்காக மாற்றுவது? நேராகச் சொல்லிவிடுகிறேன்: அழகுக்காக. எண்பதுகளின் 500 சிசி கிராண்ட் பிரிக்ஸ் வண்டிகளின் முகம் அது. 1984, 1986, 1988 ஆகிய ஆண்டுகளில் எடி லாசன் உலகப் பட்டம் வென்றதும், 1990 முதல் 1992 வரை தொடர்ந்து மூன்று முறை வெய்ன் ரெய்னி வென்றதும் யமஹாவின் ஒய்இசட்ஆர்500 வண்டியில். அந்தக் காலத்துச் சிவப்பு வெள்ளையும், உருண்டு முன்னால் துருத்தும் ஃபேரிங்கும் (காற்றைத் தடுக்கும் முன்பக்க உறை) ஜிபியில் அப்படியே வந்திருக்கின்றன. உட்கார்ந்து பார்த்தால் ஃபேரிங்கைத் தாங்கும் கம்பிகள்கூட ரேஸ் வண்டியில் போல மறைக்காமல் கண்ணுக்குத் தெரிகின்றன. யாரோ ஒரு வடிவமைப்பாளர் இதற்காகத் தூக்கம் கெட்டிருக்கிறார். அது எனக்குப் பிடித்திருக்கிறது.

அழகுக்காக வண்டி வாங்குகிறேன் என்று சொல்ல ஏன் இவ்வளவு கூச்சம்? நம்மில் பலர் ஆசைப்பட்டது ஒன்று, காரணமாகச் சொல்வது சஸ்பென்ஷன், எலக்ட்ரானிக்ஸ், மைலேஜ். தொழில்நுட்பக் காரணங்களை மேலே போர்த்திக்கொண்டு போனால் கடைசியில் தவறான இடத்தில் பேரம் பேசுவோம். அழகுக்குத்தான் விலை கொடுக்கிறேன் என்று ஒப்புக்கொண்டால், அந்த அழகு என்னவெல்லாம் கேட்கும் என்று அடுத்ததாகப் பார்க்கலாம்.

ஏனென்றால் ரெட்ரோ வடிவம், அதாவது பழைய பாணித் தோற்றம், ஒவ்வொரு வண்டியிலும் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்கிறது. சிலவற்றில் அது வெறும் வேடம்தான், யாருக்கும் நஷ்டமில்லை. கவாஸாகி இசட்900ஆர்எஸ் திரவக் குளிர்விப்பு இன்ஜின்தான், ஆனால் 1972-இல் வந்த இசட்1 ஞாபகத்துக்காகக் காற்றில் குளிரும் இன்ஜின் போலத் துடுப்புகள் வைத்திருக்கிறார்கள். ட்ரையம்ஃப் பான்வில் வண்டிகளில் ஃப்யூல் இன்ஜெக்‌ஷனின் த்ராட்டில் பாடியைப் பழைய கார்புரேட்டர் மாதிரி வார்த்திருக்கிறார்கள். சிரிப்பு வரும், ஆனால் ஓட்டத்தில் எதுவும் குறையாது. வேறு சிலவற்றில் கணக்கு தெரியும். சாதாரண இசட்900 ஏறக்குறைய 125 பிஎஸ் தந்தபோது ஆர்எஸ் 111 பிஎஸ்ஸோடு நின்றது. 2019-இல் திரும்பி வந்த சுஸுகி கட்டானாவுக்கு அந்தக் கூர்மையான உடம்புக்குள் 12 லிட்டர் டேங்க்தான் கிடைத்தது. 1000 சிசி வண்டிக்கு 12 லிட்டர்! நெடுஞ்சாலையில் பங்க்கைத் தேடியே பயணம் முடியும்.

ஜிபி எடுத்துக்கொள்வது உடம்பிடமிருந்து. முக்கியமான விஷயம் இதுதான், இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

எம்டி-09-இல் அகலமான ஹேண்டில்பார், முதுகு ஏறக்குறைய நிமிர்ந்து இருக்கும். ஜிபியில் கிளிப்-ஆன், அதாவது முன் ஃபோர்க் குழாய்களில் தனித்தனியாகப் பிடித்த இரண்டு குட்டைக் கைப்பிடிகள். கைப்பிடி கீழே இறங்குகிறது, கால் வைக்கும் ஃபுட்பெக் பின்னால் போகிறது, உடம்பு முன்னால் சாய்கிறது. சாய்ந்த உடம்பின் எடையை யாராவது தாங்க வேண்டும். தொடையால் டேங்கை இறுக்கி, இடுப்பு, வயிறு, முதுகுத் தசைகளால் தாங்கினால் பிரச்சினை இல்லை. அவை சோர்ந்த பிறகு மொத்தமும் உள்ளங்கைக்கு வரும். ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும் இன்னும் கொஞ்சம் வரும். பத்து அடிக்கு ஒரு பிரேக் என்கிற நெரிசலில் மணிக்கட்டு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வேகமாகப் போனால் காற்று மார்பைத் தூக்கிப் பிடிக்கும், கை இலகுவாகும் என்பார்கள். ஃபேரிங் இல்லாத பழைய கஃபே ரேசருக்கு அது பொருந்தும். ஜிபியில் அந்த அழகான ஃபேரிங் காற்றைத் தடுத்துவிடுகிறதே! களைப்பு குறையும் என்பது லாபம், ஆனால் மார்புக்குக் கிடைக்கும் இலவசத் தாங்கலும் குறையும். நெடுந்தூரத்துக்கு ஃபேரிங் நல்லதா கெட்டதா என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை.

இதே பாடத்தை ராயல் என்ஃபீல்டின் இரட்டை வண்டிகளில் பார்க்கலாம். இன்டர்செப்டர் 650, கான்டினென்டல் ஜிடி 650 இரண்டிலும் அதே 648 சிசி இன்ஜின். முக்கிய வித்தியாசம் கைப்பிடி, ஃபுட்பெக், சீட், டேங்க் வடிவம். ஆனாலும் இரண்டையும் ஓட்டியவர்கள் வேறு வேறு வண்டிகளைப் பற்றிப் பேசுவது போலத்தான் பேசுவார்கள். இன்ஜின் ஒன்றாக இருந்தாலும் உட்காரும் விதம் மாறினால் வண்டி மாறிவிடும். நண்பர்கள் கேட்கிற கேள்விக்கு என் பதிலும் அதுதான்.

டெஸ்ட் ரைடு போனால் தெரிந்துவிடும் என்கிறீர்களா? தெரியாது. பத்து நிமிட டெஸ்ட் ரைடில் எந்த மணிக்கட்டும் வலிக்காது, அந்தச் சந்தோஷத்தில் எதுவுமே வலிக்காது. அதைவிட உபயோகமான சோதனை ஒன்று உண்டு. வண்டியை ஸ்டாண்டில் நேராக நிறுத்தி, யாரையாவது பிடித்துக்கொள்ளச் சொல்லி, ஓட்டுகிற நிலையில் சாய்ந்து உட்கார்ந்து, இரு கைகளையும் கைப்பிடியிலிருந்து விரலளவு தூக்குங்கள். தொடையும் முதுகும் தாங்குகிற வரை அப்படியே இருங்கள். சீக்கிரமே கை கீழே விழுந்தால், நெடுந்தூரத்தில் மணிக்கட்டுதான் அந்த வேலையைச் செய்யப்போகிறது. சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை.

பின்சீட்டில் வருகிறவரையும் கேட்க வேண்டும். ரெட்ரோ ஸ்போர்ட் வண்டியில் பின்சீட் என்பது சட்டத்துக்காக ஒட்டிய துண்டு மாதிரி. அடிக்கடி இருவராகப் போகிறவர்கள் இந்தப் பதிவை இங்கேயே நிறுத்திவிடலாம்.

ஜிபிக்குச் சாதகமாகவும் சில உண்டு. முன்னும் பின்னும் முழுதாகச் சரிசெய்யக்கூடிய சஸ்பென்ஷன், 5 அங்குலத் திரை (என்னுடையது 3.5 அங்குலம்), என் வண்டியில் இல்லாத குரூஸ் கன்ட்ரோல். நல்லவைதான். இவற்றுக்காக மட்டும் வண்டி மாற்றமாட்டேன்.

இனி பணம். எக்ஸ்சேஞ்ச், அதாவது பழைய வண்டியை விற்பனையாளரிடமே கொடுத்துப் புதிதை வாங்குவது, சௌகரியத்துக்கு நாம் கொடுக்கும் கட்டணம். விற்பனையாளர் என் வண்டியைத் துடைத்து, சர்வீஸ் செய்து, லாபம் வைத்து விற்க வேண்டும். அதனால் நான் நேரடியாக ஒருவருக்கு விற்றால் கிடைப்பதைவிடக் குறைவாகத்தான் தருவார். அதில் தப்பில்லை. ஆனால் "எக்ஸ்சேஞ்ச் போனஸ்" என்று ஒரு தொகையைத் தூக்கிக் காட்டி, புது வண்டியில் தந்திருக்க வேண்டிய தள்ளுபடியை அதற்குள் மறைப்பது உண்டு. ஆகவே இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்: வண்டி கொடுக்காமல் வாங்கினால் இறுதி விலை என்ன? எதுவும் வாங்காமல் என் வண்டியைக் கொடுத்தால் என்ன தருவீர்கள்? இரண்டாவது கேள்விக்கு வரும் மௌனமே பல விஷயம் சொல்லும்.

சைலன்சர், லீவர் என்று நாம் ஆசையாகப் போட்ட எதற்கும் எக்ஸ்சேஞ்சில் மதிப்பில்லை. கழற்றித் தனியாக விற்று, கம்பெனி பாகங்களை மாட்டிக் கொடுப்பதுதான் புத்திசாலித்தனம். விற்கப்போகிற வண்டிக்கு அதற்கு முந்தின மாதம் புது டயர் போடுவது தர்மகாரியம்.

வாங்காமலே சமாளிக்கும் வழியையும் யோசித்தேன். எம்டி-09-க்கே கிளிப்-ஆன், பின்தள்ளிய ஃபுட்பெக், முகப்பு ஃபேரிங் எல்லாம் போடலாமே? போடலாம். ஆனால் கைப்பிடி இறங்கினால் கேபிள், பிரேக் ஹோஸ், ஸ்விட்ச் எல்லாம் இடம் மாறும், கைப்பிடி டேங்கில் இடிக்கும், வண்டி திரும்பும் கோணம் குறையும். இதெல்லாம் முடித்த பிறகும் அது வேறொன்றாக நடிக்கும் எம்டி-09-ஆகவே இருக்கும். இந்த யோசனையை விட்டுவிட்டேன்.

என் முடிவு: ஜிபி வேண்டும், ஆனால் எக்ஸ்சேஞ்சும் வேண்டாம், புதிதும் வேண்டாம். புது வண்டியின் மதிப்பு அதிகம் விழுவது முதல் வருடத்தில்தான், அந்த வீழ்ச்சியை வேறொருவர் தாங்கட்டும். ஆசையில் வாங்கி மணிக்கட்டிடம் தோற்றுப்போய், குறைந்த கிலோமீட்டரிலேயே விற்கிறவர்கள் இந்த ரகத்தில் இருப்பார்கள். அப்படி ஒருவரைத் தேடுகிறேன். அவரிடம் நான் கேட்கப்போவது சர்வீஸ் ரசீதையும், அரை நாள் ஓட்டிப் பார்க்க அனுமதியையும்தான். அரை நாளில் கை மரத்துப்போனால் எம்டி-09 என்னிடமே இருக்கும், ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதி அதன் சஸ்பென்ஷனுக்குப் போகும்.

ஜிபியோ, இதே மாதிரி கிளிப்-ஆன் வைத்த வேறு ரெட்ரோ வண்டியோ வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: முதல் மாதத்து வலி பழக்கத்தில் போனதா, இல்லை கைப்பிடியை உயர்த்தும் ரைசர் வாங்கினீர்களா?