ரத்தப்போக்கு என்று எழுதிவிட்டால் கணக்கு முடிந்ததா?

பிரசவத்தில் ஒரு பெண் இறந்தால் காரணம் என்ற இடத்தில் பெரும்பாலும் என்ன இருக்கும்? ரத்தப்போக்கு, வலிப்பு, தொற்று. பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மலேரியா பரவியுள்ள ஊர்களில், பல நேரம் அது மலேரியாவால் ஏற்கெனவே ரத்தம் வற்றிப்போன உடம்பு. மற்றவர்கள் தாங்கிக்கொள்ளும் ரத்த இழப்பே அவளுக்கு எமனாகிவிடும். சான்றிதழில் மலேரியாவின் பெயர்கூட இருக்காது.

இந்தக் கிருமி ஒளிந்துகொள்ளும் இடம் அப்படி. மலேரியாக் கிருமிகளில் ஃபால்சிபாரம் என்ற வகை, ரத்தச் சிவப்பணுவுக்குள் புகுந்து அதன் மேல்பரப்பில் ஒரு தனிப் புரதத்தை நீட்டுகிறது. அது நஞ்சுக்கொடியில் போய் ஒட்டிக்கொள்ளும். விரலில் குத்தி எடுத்த ரத்தத்தில் கிருமி தென்படாமலே போகலாம். மலேரியா மிகுந்த பகுதிகளில் பல கர்ப்பிணிகளுக்குக் காய்ச்சலே வருவதில்லை, சோகை மட்டும்தான். சின்ன வயதிலிருந்து கடிபட்டுச் சேர்த்த எதிர்ப்புசக்தியும் தலைப்பிரசவத்தில் கைகொடுக்காது. நஞ்சுக்கொடி உடம்புக்கே புது இடமாயிற்றே. அடுத்தடுத்த கர்ப்பங்களில்தான் உடம்பு பாடம் கற்கிறது. எச்.ஐ.வி. இருந்தால் அதுவும் சரியாக நடக்காது.

மலேரியா குறைவாக உள்ள இடங்களில் கதை வேறு. அங்கே எதிர்ப்புசக்தியே கிடையாது. மூளை பாதிக்கும், சர்க்கரை சரியும், நுரையீரலில் நீர் கோக்கும். எல்லாம் வேகமாக நடந்துவிடும்.

மொசாம்பிக்கின் மபுட்டோ மத்திய மருத்துவமனையில் 2002 முதல் 2004 வரை இறந்த 139 தாய்மாரின் உடல்களைப் பிரேதப் பரிசோதனை செய்து பார்த்தார்கள். ஏறத்தாழ பத்தில் ஒருவர் கடும் மலேரியாவால் இறந்திருந்தார். பேறுகால வலிப்பு என்று டாக்டர்கள் முடிவு செய்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு உண்மைக் காரணம் வேறு. பெரிய ஆஸ்பத்திரியிலேயே இப்படி என்றால், வீட்டில் இறப்பவர்களைப் பற்றி என்ன சொல்ல?

உலக அளவில் கர்ப்பகால மலேரியாவால் ஆண்டுக்குச் சுமார் 10,000 தாய்மார் இறக்கிறார்கள் என்று ஓர் உத்தேசக் கணக்கு பல வருடமாகச் சுற்றுகிறது. மகப்பேறு மரணப் பட்டியல்களில் மலேரியா 'மறைமுகக் காரணம்' என்ற தலைப்புக்குள் கரைந்துவிடும். மலேரியாத் திட்டக்காரர்கள் குழந்தைகளை எண்ணுகிறார்கள், மகப்பேறுத் திட்டக்காரர்கள் ரத்தப்போக்கை எண்ணுகிறார்கள். நடுவில் இந்தப் பெண்ணுக்குத் தனி வரிசை இல்லை. வரிசை இல்லாத இடத்துக்குப் பணமும் வராது, இதுதான் என் ஆதங்கம்.

தடுக்க வழி இல்லாமலும் இல்லை. கொசுவலை இருக்கிறது. அப்புறம் மலேரியாவைத் தடுக்கும் சல்ஃபடாக்ஸின்-பைரிமெத்தமின் மாத்திரை: நான்காவது மாதம் தொடங்கி, ஒவ்வொரு பரிசோதனையின்போதும், ஒரு மாத இடைவெளி விட்டு, நர்ஸ் முன்னாலேயே மூன்று மாத்திரையை விழுங்க வேண்டும். மலேரியா மிகுந்த ஆப்பிரிக்கப் பகுதிகளுக்கு இதை உலக சுகாதார நிறுவனம் 2012-லேயே சொல்லிவிட்டது. குறைந்தது மூன்று தவணை தேவை. ஆப்பிரிக்காவில் இன்னும் பாதிப் பேருக்குக்கூட அந்த மூன்று தவணை போய்ச் சேரவில்லை. பரிசோதனைக்கு வந்தவளையே மருந்து இருப்பு இல்லை என்று திருப்பி அனுப்புவது நடக்கிறது. அவள் வராமல் போனாள் என்று எப்படிக் குறை சொல்வது?

இன்னொரு கூத்து. கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் ஃபோலிக் அமிலம் என்ற சத்து மாத்திரை நாளுக்கு 0.4 மி.கி. போதும். 5 மி.கி. மாத்திரையைக் கொடுத்தால் இந்த மலேரியா மருந்தின் வேலையை அதுவே கெடுத்துவிடும். சோகைக்கு என்று அதையும் சேர்த்துக் கொடுத்து அனுப்பினால், அவள் ஒழுங்காக வந்து விழுங்கிய மருந்து வீண். சின்ன மாத்திரையைக் கொள்முதல் பட்டியலில் சேர்ப்பது அவ்வளவு பெரிய வேலையா என்ன?