கொலு பொம்மையை ஆடியிலேயே வாங்குங்கள்

கொலு வைக்கிற வீட்டுக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த வருடத்துப் புதுப் பொம்மையை நவராத்திரிக்கு முந்தின வாரம் வரை தள்ளிப் போடாதீர்கள். இந்த ஆடியிலேயே வாங்கிவிடுங்கள். முடிந்தால் செய்கிறவர் வீட்டு வாசலுக்கே போய் வாங்குங்கள்.

பண்டிகை வந்தால் உள்ளூர்க் கலைஞர்களை ஆதரிப்போம் என்று எல்லோரும் பதிவு போடுகிறோம். நல்ல மனசோடுதான் போடுகிறோம். ஆனால் நம் பணம் எந்த மாசத்தில் அவர்கள் கைக்குப் போய்ச் சேருகிறது என்று யோசிப்பதில்லை. பொம்மைத் தொழிலில் எவ்வளவு கொடுக்கிறோம் என்பதைவிட எப்போது கொடுக்கிறோம் என்பதுதான் பெரிய விஷயம்.

மதுரைப் பக்கம், திருப்பரங்குன்றத்துக்கு அருகில் இருக்கும் விளாச்சேரியை எடுத்துக்கொள்ளுங்கள். வேளார் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக மண் பொம்மை செய்கிற ஊர். கொலு புரட்டாசி வாக்கில்தான் என்றாலும் அதற்கான வேலை மாசக்கணக்கில் முன்பே ஆரம்பித்துவிடும். மண்ணைக் கரைத்து, வடிகட்டி, பிசைந்து, அச்சில் முன்பக்கம் தனி, பின்பக்கம் தனியாக அழுத்தி எடுக்க வேண்டும். இரண்டையும் ஒட்டி, காயவைத்து, சூளையில் சுட வேண்டும். துளி ஈரம் மிச்சமிருந்தாலும் சூட்டில் வெடித்துவிடும். அதனால் வெயில் காலத்தை விட்டால் ஆகாது. அந்த மாசங்கள் முழுக்க மண், விறகு, பெயின்ட், கூலி என்று செலவுதான். வரவு என்று பெரிதாக எதுவும் இருக்காது.

கண்மாய், ஏரிகளில் வட்டாட்சியர் அனுமதியோடு மண்பாண்டத் தொழிலாளர்கள் இலவசமாக மண் எடுக்கலாம் என்று 2024-ல் அரசு வழி செய்தது நல்ல காரியம். ஆனால் மண் கிடைத்துவிட்டால் மட்டும் போதாதே, முதல் வேண்டும். கையில் இல்லாதவர் வட்டிக்கு வாங்குவார், இல்லையென்றால் வியாபாரியிடம் முன்பணம் வாங்குவார். முன்பணம் கொடுத்தவர் சொல்வதுதான் அப்புறம் விலை. புரட்டாசியில் கடையில் நாம் பேரம் பேசாமலே எண்ணிக் கொடுத்தாலும், அந்தப் பணம் கதிர் கருகின பிறகு பெய்கிற மழைதான். செய்தவருக்கு என்ன கிடைக்கும் என்பது அதற்கு முன்பே முடிவாகியிருக்கும்.

பொம்மைக்குக் கண் திறப்பதை ஒரு தடவை பக்கத்தில் நின்று பாருங்கள். நான் பார்த்தபோது ஓர் அம்மா திண்ணையில் உட்கார்ந்து, முழங்கையை முழங்காலில் ஊன்றிக்கொண்டு தூரிகையை அசையாமல் பிடித்திருந்தார். அசைந்தது இடது கையில் இருந்த பொம்மைதான். அதை மெல்லத் திருப்பத் திருப்பப் புருவம் ஒரே இழுப்பில் விழுந்தது. கருவிழி வைக்கும்போது மூச்சை அடக்கிக்கொண்டார். ஒரு தசாவதார செட் என்றால் இருபது கண். ஒன்று மேலே பார்த்து இன்னொன்று கீழே பார்த்தால் அந்த பொம்மையே போச்சு. இத்தனையும் முடித்துக் கொடுப்பவரிடம் போய், "கொஞ்சம் குறைச்சுக்கக் கூடாதா?" என்று கேட்க எப்படி மனசு வருகிறது? எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

மதுரை தூரம் என்பவர்களுக்குப் பண்ருட்டி இருக்கிறது, காஞ்சிபுரத்தில் பொம்மைக்காரத் தெரு இருக்கிறது. காகிதக்கூழ் பொம்மை எடை குறைவு. மாடி வீட்டில் வருடா வருடம் பரணிலிருந்து இறக்கி ஏற்றுகிறவர்களுக்கு அதுதான் வசதி. சென்னையை விட்டு நகர முடியாது என்றால் மயிலாப்பூர் வடக்கு மாடவீதிக் கடைகளில் "இது எந்த ஊர் பொம்மை, நீங்களே செய்ததா?" என்று கேட்டு வாங்குங்கள். பூம்புகார் கடைகளையும் பாருங்கள். கைவினைஞர்களின் பொருளை விற்பதற்கென்றே 1973 முதல் நடக்கிற அரசு நிறுவனம் அது. சுட்ட மண் பொம்மையா, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸா என்று சந்தேகம் வந்தால் விரலால் லேசாகத் தட்டுங்கள். நன்றாக வெந்த மண் கணீரென்று சொல்லிவிடும்.

வீட்டில் இனி வைக்க இடமில்லை என்கிறீர்களா? சரி, மூக்கு தேய்ந்துபோன பாட்டி காலத்துச் செட்டியார் பொம்மைக்குப் புதுசாக வர்ணம் தீட்டக் கொடுங்கள். அதுவும் அவர்களுக்கு வேலைதான். நல்ல வேலையாகவும் செய்து தருவார்கள்.

கொலுவே வைக்காதவர்களுக்கும் சொல்கிறேன். கிறிஸ்துமஸ் குடிலுக்கான குழந்தை இயேசு, மாதா, சூசையப்பர், இடையர், ஆடு மாடு எல்லாம் அதே விளாச்சேரி வீடுகளில்தான் தயாராகின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் பொம்மை காயாது, சூளையும் மூட்ட முடியாது. டிசம்பரில் போய் அவசரப்படுத்தாமல் இப்போதே போனில் பேசி, எந்த அளவு, எத்தனை உருப்படி என்று சொல்லி, பாதிப் பணத்தை அனுப்பி வையுங்கள்.