அந்தியோகியா என்று சொல்லிக்கொள்ளும் முன்

சபையின் ஆண்டுவிழா என்றால் "சிங்கப்பூர் ஆசியாவின் அந்தியோகியா" என்ற வாசகம் எப்படியும் மேடையேறிவிடுகிறது. 1978 டிசம்பரில் அமெரிக்க நற்செய்தியாளர் பில்லி கிரகாம் இங்கே தேசிய விளையாட்டரங்கில் நடத்திய நற்செய்திக் கூட்டங்களோடு சேர்த்துப் பேசப்படும் பட்டம் அது. கூட்டம் கைதட்டுகிறது, "அல்லேலூயா" முழங்குகிறது. எனக்கு மனம் கசந்துபோகிறது.

அந்தியோகியா, பவுலையும் பர்னபாவையும் ஊழியத்துக்கு அனுப்பிய ஆதிச் சபை இருந்த நகரம். அதைப் பற்றி வேதம் சொல்வதை நாம் முழுதாகப் படித்திருக்கிறோமா? சீஷர்களுக்குக் கிறிஸ்தவர்கள் என்ற பெயர் முதலில் அங்கேதான் வழங்கிற்று. அப்போஸ்தலருடைய நடபடிகள் 11-ஆம் அதிகாரம். இது மேடையில் வரும். பஞ்சம் வரப்போகிறது என்று அகபு என்ற தீர்க்கதரிசி அறிவித்ததும், அந்தச் சபையார் அவரவர் திராணிக்குத் தக்கபடி பணம் திரட்டி யூதேயாவிலிருந்த சகோதரருக்கு அனுப்பியதும் அதே அதிகாரம்தான். இது வருவது அபூர்வம். கலாத்தியர் 2-ஆம் அதிகாரத்தையோ யாரும் தொடுவதே இல்லை. யூதரல்லாத புறஜாதியாரோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபிடமிருந்து யூத விசுவாசிகள் வந்ததும் பயந்து விலகிக்கொண்டார். அப்போஸ்தலன் என்றும் பாராமல் எல்லார் முன்னிலையிலும் பவுல் அவரைக் கண்டித்தார். அதுவும் அந்தியோகியாவில்தான் நடந்தது.

நம்முடைய பந்தி எப்படி இருக்கிறது? ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பிறகு கண்டதைச் சொல்கிறேன். கட்டுமான வேலை செய்யும் தம்பிகள் சிலர், திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துப் பிள்ளைகள், பிரியாணித் தட்டைக் கையில் ஏந்திச் சுவரோரம் நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மேசைகளில் இடம் இருந்தது. காலி நாற்காலிகளில் கைப்பைகள் உட்கார்ந்திருந்தன. பெரியவர் ஒருவர் வந்து, "எந்தக் கம்பெனி தம்பி? சம்பளம் ஒழுங்காக வருகிறதா?" என்று விசாரித்தார். "இரண்டு மாதமாக வரவில்லை ஐயா" என்றான் ஒருவன். "ஜெபம் பண்ணுங்கள், கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று தோளைத் தட்டிவிட்டுப் பெரியவர் காப்பி எடுக்கப் போய்விட்டார்.

அந்தக் கூடத்தில் வழக்கறிஞர் இருந்தார். மனிதவளப் பிரிவுகளில் வேலை பார்ப்பவர்கள் இருந்தார்கள். சம்பளப் பாக்கிக்கு எங்கே, எப்படிப் புகார் கொடுப்பது என்று அவர்களுக்கு அத்துப்படி. யாராவது ஒருவர் அந்தத் தம்பியோடு உட்கார்ந்து மனுவை நிரப்பிக் கொடுத்திருக்கலாம். ஜெபத்தில் எனக்கு நம்பிக்கை உண்டு. ஆனால் பசித்தவனிடம் "குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்புகிற விசுவாசம் செத்தது என்று யாக்கோபு எழுதியதையும் நம்புகிறேன்.

வீட்டுக்குள் வந்தால் இதைவிட வருத்தம். இல்லப் பணிப்பெண்ணுக்கு வார ஓய்வுநாள் என்ற விதி 2013-இல் வந்தது. ஆனாலும் ஓய்வுக்குப் பதில் பணம் கொடுத்துச் சரிக்கட்ட இடமிருந்தது. மாதத்தில் ஒரு நாளையாவது பணத்தால் ஈடுகட்டக் கூடாது என்று அரசாங்கம் 2023 ஜனவரியில் கட்டாயமாக்க வேண்டியிருந்தது. ஓய்வுநாள் கட்டளையை ஞாயிறுப் பள்ளியிலேயே மனப்பாடம் செய்தவர்கள் நாம். "உன் வேலைக்காரியும்" என்று அதில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது! நம் வீடுகளுக்கு மனிதவள அமைச்சின் சட்டம் எதற்குத் தேவைப்பட்டது? ஞாயிறு காலையில் எஜமானியம்மா உள்ளே கைகளை உயர்த்தித் துதித்துக்கொண்டிருக்க, அந்தப் பெண் வெளி வராந்தாவில் குழந்தைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கிறாள். அது அவளுடைய வேலைநாள்.

எல்லாரும் இப்படி என்று சொன்னால் அது அநியாயம். வெளிநாட்டு ஊழியர்களுக்குக் குறைந்த கட்டணத்தில் மருத்துவம் பார்க்கும் ஹெல்த்சர்வ் அமைப்பை 2006-இல் தொடங்கியவர்கள் கிறிஸ்தவர்களே. 2020-இல் தங்கும் விடுதிகளில் கொவிட் பரவியபோது, சத்தமில்லாமல் சாப்பாடும் தொலைபேசி அட்டையும் கொண்டுபோய்க் கொடுத்த சபை மக்களை எனக்குத் தெரியும். அவர்கள் யாரும் மேடையில் அந்தியோகியா என்று பேசி நான் கேட்டதில்லை.

இந்த ஆண்டு எங்கள் சபைக் குழுவிடம் இரண்டு கோரிக்கைகளை எழுதிக் கொடுக்கிறேன். மாதத்தில் ஒரு ஞாயிறு, ஆராதனைக்குப் பின் கூடத்தில் ஒரு மேசை போட்டு, சம்பளம், காயம், வேலை அனுமதிச் சிக்கல்களுக்கு விவரம் தெரிந்தவர்கள் உட்கார்ந்து உதவ வேண்டும். மூப்பர் பொறுப்புக்கு ஒருவரை முன்மொழியும்போது, அவர் வீட்டுப் பணிப்பெண்ணுக்கு வார ஓய்வு உண்டா என்றும் கேட்க வேண்டும். உங்கள் சபையிலும் கேளுங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.