அக்கிக்கும் மல்லிச்செடிச் சிலந்திக்கும் சம்பந்தமில்லை

"மஞ்சள் கோடு போட்ட சிலந்தியின் மூத்திரம் பட்டால் அக்கி வரும், மருந்தடித்துக் கொல்லுங்கள்" என்று ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். எங்கள் அப்பத்தாவும் இதையேதான் சொல்லும். ஆனால் அக்கிக்குக் காரணம் சின்னம்மை வைரஸ். அம்மை இறங்கிய பிறகும் நரம்புக்குள் பதுங்கியிருந்து, பல வருஷம் கழித்துக் கிளம்பும். காவியில் அக்கி எழுதி நாளைக் கடத்தாமல், கொப்புளம் கண்ட 3 நாளுக்குள் டாக்டரைப் பாருங்கள்.

திருப்பரங்குன்றத்தில் எங்கள் வீட்டு மல்லிச்செடியிலும் அந்த மஞ்சள் கோட்டுச் சிலந்தி ஒன்று இருக்கிறது. எட்டுக் காலையும் இரண்டிரண்டாகச் சேர்த்து, பெருக்கல் குறி மாதிரித் தலைகீழாகத் தொங்கும். வலை நடுவிலும் வெள்ளை நூலால் வளைத்து வளைத்து அதே குறி. கையில் பிடித்து அமுக்கினால்தான் கடிக்கும். அதுவும் பொதுவாகக் குளவிக் கொட்டுக்கு மேல் போகாது. பூப் பறிக்கும்போது வலையைப் பார்த்துக் கையை விட்டால் போதும். நான் பார்க்காமல் தலையை விட்டேன், அது வேறு கதை.