நூத்துக்கு அஞ்சா?

மகளுக்குக் கணக்கில் 5 வந்திருக்கிறது என்று தருமபுரியில் இருக்கும் அக்காவிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவாக, "நூத்துக்காடா?" என்றாள். ஏழுக்கு அக்கா, என்றேன். "அது என்னடா ஏழுக்கு?"

அக்காவைச் சொல்லிக் குற்றமில்லை. மூன்று வருஷமாக ஃபீஸ் கட்டுகிற எனக்கே போன மாதம்தான் விளங்கியது.

நாங்கள் இருப்பது பெங்களூரு பானஸ்வாடியில். மகள் வைட்ஃபீல்டு பக்கம் ஒரு ஐபி பள்ளியில், அதாவது இன்டர்நேஷனல் பாக்கலாரியட் என்ற சர்வதேசப் பாடத்திட்டப் பள்ளியில், எட்டாவது படிக்கிறாள். ஐபியில் 11 வயதிலிருந்து 16 வரைக்கும் உள்ளதை எம்ஒய்பி (மிடில் இயர்ஸ் புரோகிராம்) என்கிறார்கள். ஐந்து வருஷம், நம் கணக்கில் ஆறாவது முதல் பத்தாவது வரை. எட்டுப் பாடப்பிரிவுகள். கணக்கும் அறிவியலும் எப்படியோ அப்படியே கலை, விளையாட்டு, டிசைன். இந்தப் பாடத்தில் இத்தனை அத்தியாயம் என்று மேலிருந்து யாரும் எழுதி அனுப்புவதில்லை. எதை வைத்துச் சொல்லிக்கொடுப்பது என்பதைப் பள்ளிதான் முடிவு செய்கிறது. எப்படி மதிப்பிடுவது என்பது மட்டும் எல்லா ஊருக்கும் ஒன்று.

ஒவ்வொரு பாடத்துக்கும் நான்கு அளவுகோல், ஒவ்வொன்றுக்கும் 8. மொத்தம் 32. அதில் 19 முதல் 23 வரை எடுத்தால் கிரேடு 5. 28-ஐத் தொட்டால்தான் 7. கணக்கில் அந்த நான்கு என்னவென்றால்: தெரிந்ததைப் போடுவது, அமைப்பைக் கண்டுபிடிப்பது, கண்டதை அடுத்தவருக்குப் புரியும்படி எழுதுவது, நிஜ வாழ்க்கையில் பொருத்திப் பார்ப்பது. மகளுக்கு 6, 4, 5, 5. ஆக 20.

அந்த 4-இல்தான் என் பங்கு இருக்கிறது.

ஏதாவது ஒரு அமைப்பை எடுத்துக்கொண்டு, அது எப்படி வளர்கிறது என்று பொதுவிதி எழுத வேண்டும் என்று வேலை கொடுத்திருந்தார்கள். அவள் பாட்டியின் கோலத்தை எடுத்துக்கொண்டாள். அம்மா மார்கழி மட்டுமில்லை, வருஷம் முழுக்க லிஃப்டுக்கு எதிரே போடுவார். 7 புள்ளி, 4 வரை, இடுக்குப் புள்ளி. நடுவில் 7, மேலும் கீழும் 6, 5, 4. எண்ணினால் 37. அதைவிடச் சின்னது 5 புள்ளி, 3 வரை: 19. அதற்கும் சின்னது 7. ஒற்றைப் புள்ளி 1. இந்த 1, 7, 19, 37 என்ற வரிசையை நோட்டில் எழுதிவைத்துவிட்டு இரண்டு நாளாக முழித்துக்கொண்டிருந்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. மெட்ரிகுலேஷனில் கணக்குக்கு நூற்றுக்கு நூறு வாங்கியவன் அல்லவா. பேனாவைப் பிடுங்கி 3n² − 3n + 1 என்று எழுதி, n-க்கு 4 போட்டு 37 வருவதையும் காட்டிவிட்டு, மேட்ச் பார்க்கப் போய்விட்டேன். அவளும் அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டாள்.

பிடிஎம் என்கிற பெற்றோர்-ஆசிரியர் கூட்டத்தில் மேத்ஸ் மிஸ் அந்தத் தாளை எடுத்துக் காட்டினார். விதி சரி. ஆனால் அது எங்கிருந்து வந்தது, ஏன் எப்போதும் சரியாக வரும் என்று ஒரு வரி கூட இல்லை. அதனால் 4. விடை சரியென்றால் முழு மார்க் தரவேண்டியதுதானே என்று நான் வாதாடினேன். மிஸ் சிரித்தபடி அவளிடம், "ஏன் 61 அடுத்து வரும், சொல்லு" என்றார். பிள்ளை என்னைப் பார்த்தது. எனக்கும் சூத்திரத்தில் 5 போடுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டோம். "நடுப்புள்ளியைச் சுத்தி ஆறு. அதுக்கு வெளியே பன்னெண்டு, அப்புறம் பதினெட்டு. சுத்துக்குச் சுத்து ஆறு கூடும், மூலை ஆறு இருக்குல்ல" என்று கத்தரிக்காய் அரிந்துகொண்டே சொல்லிவிட்டார். அதற்கு அடுத்த சுற்று 24. 37-உம் 24-உம் 61. பாட்டியிடம் முதலிலேயே கேட்டிருந்தால் பேத்திக்கு 4 வந்திருக்காது.

எங்கள் அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவில் வாரம் தவறாமல் ஒரு புலம்பல் வரும்: "ஐபியில் ஒன்றுமே சொல்லிக்கொடுப்பதில்லை, டெக்ஸ்ட்புக்கே கிடையாது." நானும் தம்ஸ் அப் போட்டவன்தான். இப்போது போடுவதில்லை. 'விவரி', 'விளக்கு', 'நிரூபி' என்று மூன்றும் வேறு வேறு வேலை என்று அந்தப் பாடத்திட்டம் ஆறாவதிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறது. நாங்கள் மூன்றுக்கும் ஒரே கோனார் உரையை ஒப்பித்து வந்த கூட்டம். அதே பழக்கத்தில் பிள்ளையின் வேலையையும் நாமே செய்துகொடுக்கிறோம். நேரமில்லாதவர்கள் டிசைன் மாடலைக் காசு கொடுத்துச் செய்து வாங்குகிறார்கள். அப்புறம் கிரேடு குறைந்தது என்று சண்டை.

குறையே இல்லை என்று சொல்லவில்லை. எல்லாம் ஆசிரியர் கையில் இருப்பதால், நல்ல ஆசிரியர் நடுவில் வேலையை விட்டால் அந்த வருஷம் போச்சு. ஆறாவதில் எங்களுக்கு அறிவியலில் அதுதான் நடந்தது. பாதியில் சிபிஎஸ்இக்கு மாறும் பிள்ளைகள் மூன்று மணி நேரப் பரீட்சையைப் பார்த்துத் திணறுகிறார்கள். மொழிப் பாடத்தில் எங்கள் பள்ளியில் பிரெஞ்சு உண்டு, ஸ்பானிஷ் உண்டு, தமிழ் இல்லை. பாட்டியோடு பேசுவது மட்டும்தான் அவளுடைய தமிழ் வகுப்பு. ஃபீஸைப் பற்றி எழுதினால் அக்கா படித்துவிடுவாள், வேண்டாம்.

ஒன்பதாவதில் எம்ஒய்பியிலேயே தொடர்வதா, இன்னொரு சர்வதேசப் பாடத்திட்டமான கேம்பிரிட்ஜின் ஐஜிசிஎஸ்இக்குப் போவதா என்று பள்ளி கேட்டிருக்கிறது. ராத்திரி சாப்பிடும்போது, நீயே யோசித்துச் சொல்லும்மா என்றேன். அவள் தோசையைப் பிய்த்துக்கொண்டே, "அதுல மார்க் போடுவாங்களாப்பா? போட்டா அத்தைக்குச் சொல்ல ஈஸியா இருக்கும்" என்றாள்.